பழைய கட்டடத்தை இடிப்பதை மாநகராட்சி தடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கும்பகோணத்தில் உங்கள் தெருவில் நூறு வருஷம் தாண்டிய, முற்றமும் திண்ணையும் வைத்த பெரிய கட்டடம் ஒன்று கைமாறிவிட்டது. வாங்கியவர் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார் என்று பேச்சு. இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் மச்சினர், அங்கெல்லாம் கவுன்சில் (அந்த ஊர் உள்ளாட்சி மன்றம்) ஒரு நோட்டீஸ் கொடுத்தால் செங்கல்லைக்கூடத் தொட முடியாது என்கிறார். நம்மூர் நகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லையா என்று கேட்கிறீர்கள். (கும்பகோணம் 2021-லிருந்து மாநகராட்சி. ஆனாலும் பழக்க தோஷத்தில் எல்லோரும் நகராட்சி என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படித்தான்.) உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு கட்டடம் பழையது, அழகானது என்பதற்காக மட்டும், அதன் சொந்தக்காரரைப் பார்த்து இடிக்காதே என்று சொல்ல இங்கே சட்டப்படி யாராவது இருக்கிறார்களா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

காவிரி டெல்டாவில் சில நகராட்சிகளில் நகரமைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிளான் அப்ரூவல், இடிப்பு மனு, ஆக்கிரமிப்பு நோட்டீஸ் இவைதான் என் பிழைப்பாக இருந்தது. வக்கீல் இல்லை. ஆகவே கோர்ட்டில் எது நிற்கும் என்று நான் சொல்வதை ஒரு அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்துக்குள் என்ன நடக்கும் என்று சொல்வதைத் தாராளமாக நம்பலாம். நேரடியான பதில் இது: கட்டடம் தனியாருடையது, எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை என்றால், பழையது என்ற காரணத்துக்காக அதை இடிக்கவிடாமல் தடுக்க நகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. தாமதப்படுத்தலாம், நிபந்தனை போடலாம், காகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பலாம். அந்த இடைவெளியில் வேறு யாராவது வேறு வழியில் தடுத்தால்தான் உண்டு.

மச்சினர் சொன்னதில் பாதி சரி. இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பட்டியல் போடுவது 1947 திட்டச் சட்டத்தோடு ஒழுங்குக்கு வந்தது. பட்டியலில் ஏறிய கட்டடத்தை அனுமதியில்லாமல் இடித்தால் அங்கே அது கிரிமினல் குற்றம். ஆனால் தேசியப் பட்டியலில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது அரசாங்கம், கவுன்சில் அதைக் காவல் காக்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு ஆபத்து என்றால் கவுன்சில் தற்காலிக நோட்டீஸ் ஒன்று கொடுக்கலாம், அது 6 மாதம் செல்லும், அதற்குள் சேர்ப்பதா வேண்டாமா என்று மேலே முடிவாக வேண்டும். சேர்க்கவில்லை என்றால் சொந்தக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நிலைமைகூட கவுன்சிலுக்கு வரலாம் என்பதால் அவர்களும் யோசித்துத்தான் கை வைப்பார்கள். அப்புறம், சாதாரண வீட்டை இடிக்க அங்கே முழுத் திட்ட அனுமதி தேவையில்லை, அந்தச் சலுகையைக் குறிப்பிட்ட கட்டடத்துக்கு மட்டும் ரத்து செய்ய கவுன்சில் தனி உத்தரவு போடலாம். தேசியப் பட்டியலுக்குத் தகுதி பெறாத, ஆனால் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான கட்டடங்களைக் காப்பாற்ற அதுதான் கவுன்சில் கையில் இருக்கும் நல்ல கருவி. லண்டனில் கார்ல்டன் டேவர்ன் என்ற மதுக்கடை, 1920-களில் கட்டியது, 2015-ல் அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். கவுன்சில் விடவில்லை. இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டுக் கட்டவைத்தது, 2021-ல் கடை மறுபடி திறந்தது. அப்படித் திரும்பக் கட்ட முடிந்ததற்கு ஒரு காரணம், பட்டியலில் சேர்க்கும் பரிசீலனை நடந்துகொண்டிருந்ததால் கட்டடத்தின் நுணுக்கங்கள் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கம் வருவோம். மத்தியத் தொல்லியல் துறைக்கு 1958 சட்டம், மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966 சட்டம். இரண்டுமே நூறு வருஷத்துக்குக் குறையாத நினைவுச் சின்னங்களை அறிவிக்கை செய்து பாதுகாக்க வழி செய்கின்றன. காகிதத்தில் உங்கள் தெருக் கட்டடம்கூட இதற்குள் வரலாம், நடைமுறையில் கோயில், கோட்டை, குடைவரை, கல்வெட்டு உள்ள இடம் இவற்றோடு நின்றுவிடும். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை மாநிலத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, பொதுவாக அந்தத் தரத்தில்தான் அவர்கள் பார்வை போகும். வக்கீல் ஐயர் ஒருவர் 1910-ல் கட்டிய வீடு என்று மனு போட்டால் மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012-ல் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். நிறைவேற்றி, ஆணையத்தை அமைக்காமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். கோயில்கள், சின்னங்கள் பாதுகாப்பு பற்றி உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் 75 உத்தரவுகள் போட்ட தீர்ப்பில் இதையும் சேர்த்துத்தான் கேட்டது.

உள்ளாட்சிக்கு என்ன இருக்கிறது? அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒதுக்கிய 18 விஷயங்களில் நகரத் திட்டமிடல் இருக்கிறது, பண்பாடு, கல்வி, அழகியல் அம்சங்களை வளர்ப்பது என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்து யாருடைய சொத்திலும் கை வைக்க முடியாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது 300-ஏ பிரிவு. அதனால்தான் கவுன்சிலர்கள் கூடி 'இந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது' என்று தீர்மானம் போட்டாலும், அது மட்டும் கோர்ட்டில் நிற்காது என்பது என் கருத்து. போடக் கூடாது என்று சொல்லவில்லை, தீர்மானத்துக்கு ஊரில் ஒரு கனம் உண்டு. அதையே தடையுத்தரவு என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மும்பையில் 1995-லேயே தரம் பிரித்துப் பட்டியல் போட்டு விதி கொண்டுவந்தார்கள், சென்னையில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. சென்னைக்கு அது வந்ததில் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்குக்குப் பங்கு உண்டு: அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய அந்தக் கட்டடத்தை எல்.ஐ.சி. 2006-ல் இடிக்கத் தொடங்க, பாரம்பரியப் பாதுகாப்புக்காக இருக்கும் இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய், 2010-ல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வாங்கியது. இதைச் சொல்லி நமக்கும் அப்படியே கிடைக்கும் என்று சிலர் உற்சாகப்படுத்துவார்கள். இரண்டு வித்தியாசம் இருக்கிறது. அங்கே சொந்தக்காரர் பொதுத்துறை நிறுவனம், நீதிமன்றத்தின் முன்னால் ஏற்கெனவே ஒரு பாரம்பரியக் கட்டடப் பட்டியலும் இருந்தது. தனியார் கட்டடம், பட்டியலே இல்லாத ஊர் என்னும்போது எப்படித் திரும்பும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தீர்ப்புக்கு அப்புறமும் அந்தக் கட்டடம் பல வருஷம் பாழடைந்தேதான் நின்றது.

சரி, இடிப்பு மனுவில் என்னதான் பார்க்கிறார்கள்? நான் கையாண்ட கோப்புகளில் பத்திர நகல், வரி பாக்கியில்லை என்ற ரசீது, மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் துண்டித்ததற்கான கடிதம், இன்ஜினியர் சான்று, நான்கு பக்கமும் எடுத்த போட்டோ, பக்கத்து வீட்டுக்குப் பாதிப்பு வராமல் இடிப்பேன் என்ற உறுதிமொழி, இவ்வளவுதான் இருக்கும். எந்த வருஷம் கட்டியது என்று கேட்கும் கட்டமே கிடையாது. போட்டோவில் தெரிகிற தேக்குத் தூணையும் சுதை வேலையையும் பார்த்து நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விடலாம், 'நிராகரிக்கப்படுகிறது' என்று எழுத ஒரு விதி எண் வேண்டும், அது இல்லை.

அனுமதியோடு இடிப்பது டெல்டாவுக்குப் புதிதும் இல்லை. நாகப்பட்டினத்தில் கடற்கரை ஓரமாகச் செங்கல்லில் மூன்றடுக்குக் கோபுரம் ஒன்று இருந்தது, கப்பல்காரர்களுக்கு அடையாளமாக, சீனக் கோபுரம் என்று பேர். அதை 1867-ல் ஏசு சபைப் பாதிரியார்கள் அரசாங்கத்திடம் மனு போட்டு, முறையாக அனுமதி வாங்கி இடித்தார்கள். இதுவரை நிச்சயம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரைதான் அது என்று பலர் எழுதுகிறார்கள், அது சந்தேகம். நாகையில் ஒன்றுக்கு மேற்பட்ட பௌத்தக் கட்டடங்கள் இருந்திருக்கின்றன, எது எது என்று ஒருமித்த கருத்து இல்லை. இடித்துவிட்டதால் இனிமேல் தீர்ப்பதும் கஷ்டம்.

உங்கள் தெருவுக்கு ஒரு கேள்வி முக்கியம்: அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னம் ஏதாவது 300 மீட்டருக்குள் இருக்கிறதா? மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010 திருத்தம் இதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடத்துக்கு இடமே இல்லை, 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்த வீடு என்றால் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம். தாராசுரம் கோயிலைச் சுற்றியும் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றியும் இது நேரடியாகப் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால் இந்தச் சட்டத்துக்குச் சுற்றியுள்ள பழைய வீடுகள் மேல் எந்த அக்கறையும் இல்லை, சின்னத்தின் பார்வையை மறைக்காமல் இருந்தால் போதும். ஆனாலும் இடித்தால் திரும்பக் கட்ட முடியாது என்ற பயத்திலேயே பல ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. அதே பயத்தில் பழுதுகூடப் பார்க்காமல் விட்டு, கூரை உள்வாங்கிப் போன வீடுகளும் உண்டு. பழுது பார்க்க அனுமதி கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது, சொல்லவும் ஆளில்லை. கும்பகோணத்தின் எல்லாக் கோயிலும் தொல்லியல் துறைக் கோயில் இல்லை. பெரும்பாலானவை அறநிலையத் துறை நிர்வாகத்தில் இருக்கின்றன, அதற்கு இந்த 100 மீட்டர் கணக்கு வராது. குழப்பிக்கொள்ளாதீர்கள், நிறையப் பேர் இதில் ஏமாந்து நேரத்தை வீணாக்கியிருக்கிறார்கள்.

உள்ளாட்சி நினைத்தால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை. 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஊருக்கு முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்), அதற்குள் பகுதி பகுதியாக விரிவு அபிவிருத்தித் திட்டமும் போடலாம். அந்த விரிவுத் திட்டத்துக்குள் வரலாற்றுச் சிறப்புள்ளவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் உள்ளூர் திட்டக் குழுமங்கள் இருக்கின்றன. ஒரு சன்னதித் தெரு முழுவதையும் எடுத்து, இந்தத் தெருவில் முகப்பு இந்த உயரத்தைத் தாண்டக் கூடாது, திண்ணை வரிசை கெடக் கூடாது, இன்ன இன்ன கதவு எண்களை இடிக்கக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டால், என்னைப் போன்ற ஒரு ஆய்வாளருக்கு நிராகரிக்க ஒரு விதி எண் கிடைத்துவிடும். வரைவுத் திட்டம் வெளியிட்ட பிறகு ஆட்சேபணை, ஆலோசனை சொல்ல மக்களுக்குக் குறைந்தது 2 மாதம் அவகாசம் உண்டு. அந்த 2 மாதத்தில் வரும் மனுக்களில் பெரும்பாலானவை என்ன தெரியுமா? என் நிலத்தை விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்பு மண்டலத்துக்கு மாற்று, என் மனை மேல் ரோடு போடாதே. பழைய தெருவைக் காப்பாற்று என்று ஒரு மனு வந்து நான் பார்த்ததில்லை. ஜே.சி.பி. தெருமுனையில் நிற்கும்போது வரும் கூட்டத்தில் நாலில் ஒரு பங்கு அந்த 2 மாதத்தில் வந்திருந்தால் போதும்.

இன்னொன்று. இடிப்பு ஜே.சி.பி.யோடு தொடங்குவதாக நினைக்கிறோம், அதற்கு முன்பே தொடங்கிவிடும். முதலில் பழைய சாமான் வியாபாரி வருவார். வாசக்கால், நிலைக்கதவு, ஊஞ்சல் சங்கிலி, தூண், உத்தரம் என்று ஒவ்வொன்றாகப் போகும். அதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அப்புறம் முற்றத்தைச் சுற்றி இருக்கும் நாட்டு ஓட்டைப் பிரிப்பார்கள், 'ஓடு மாற்றுகிறோம்' என்று தெருவில் சொல்வார்கள். மாற்ற மாட்டார்கள். ஐப்பசி அடைமழை ஒன்று போதும். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் சேர்த்துக் கட்டிய சுவர் மேலே குடை இருக்கும்வரை எத்தனை தலைமுறைக்கும் நிற்கும், தலை திறந்துவிட்டால் தண்ணீர் நேராக நடுச் சுவருக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் சப்பட்டைச் செங்கல்லின் கலவை கரைந்து வெளியே வரும், சுவர் வயிறு தள்ளும். தை மாசம் இன்ஜினியர் வந்து பார்த்து 'மனித உயிருக்கு அபாயம்' என்று சான்று கொடுப்பார். அது பொய்ச் சான்றும் இல்லை, அன்றைக்கு அது உண்மைதான். அபாயகரமான கட்டடம் என்றால் நகராட்சியே இடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் விட்டு யாராவது செத்தால் அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அந்தச் சூழ்நிலையில் எந்த அதிகாரியும் 'இது பழமையானது, கொஞ்சம் பொறுங்கள்' என்று கையெழுத்துப் போட மாட்டார், நானும் போட்டிருக்க மாட்டேன். ஆகவே உங்கள் தெருக் கட்டடத்தில் ஓடு பிரிக்கிறார்களா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரித்திருந்தால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கட்டடம் நல்ல நிலையில் இருந்தது, வேண்டுமென்றே திறந்து போட்டிருக்கிறார்கள் என்று ஆணையருக்கு இப்போதே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அபாயச் சான்று வரும்போது, அந்த அபாயம் எப்படி வந்தது என்று காட்ட அது ஒன்றுதான் ஆதாரம்.

நகராட்சி தன் கையாலேயே பழைய வீடுகளைக் கொல்லும் வழி ஒன்று உண்டு, அது ரோடு. ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்றைக்கு ஒரு படி இறங்கிப் போகிறார்கள். தெருத் தண்ணீர் ரேழி வழியாக முற்றத்துக்கு வருகிறது, முற்றத்துத் தண்ணீர் வெளியேற வாட்டம் இல்லை, சுவர் அடி உப்பு பூத்து உதிர்கிறது, வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்து இடித்து உயர்த்திக் கட்டுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். பழைய கட்டடத்தைக் காக்க உள்ளாட்சிக்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டாத, யாருடைய சொத்துரிமையிலும் கை வைக்காத வேலை இது. வார்டு கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

சொந்தக்காரர் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். பாட்டனார் வீடு, பங்காளிகள் ஏழெட்டுப் பேர், ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் அமெரிக்காவில், ஊரில் இருக்கிற ஒருத்தருக்கு ஓடு மாற்றக்கூட வசதியில்லை. 2028-ல் மகாமகம் வருகிறது, அதைக் கணக்குப் போட்டு லாட்ஜ் கட்ட வருகிறவர் நல்ல விலை சொல்கிறார். இடிக்காதே என்று சட்டம் போட்டுவிட்டு ஒரு பைசா கொடுக்காமல் இருந்தால், முன்னே சொன்ன ஓடு பிரிக்கும் வேலைதான் நடக்கும். உண்மையில் பிழைத்த கட்டடங்களைப் பாருங்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வீடு இருக்கிறது என்றால் 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கி வைத்துக்கொண்டதுதான் காரணம். தரங்கம்பாடியில் சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பும் டென்மார்க் பணமும் சேர்ந்து வீடுகளைப் பழுதுபார்த்தார்கள். புதுச்சேரியில் வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் முகப்பைச் சீர் செய்ய வீட்டுக்காரர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. எல்லா இடத்திலும் யாரோ பணம் போட்டிருக்கிறார்கள். லாட்ஜ் கட்ட வந்தவரிடமே, முன்கட்டை அப்படியே வைத்துப் பின்கட்டில் அறை கட்டினால் பழைய வீட்டில் தங்க வருகிறவர்களுக்குக் கூடுதல் வாடகை வாங்கலாம் என்று நல்ல ஆர்க்கிடெக்ட் ஒருவரை வைத்துப் பேசச் சொல்லுங்கள். டெல்டா வீட்டு மனைகள் நீளமானவை, முன்தெருவிலிருந்து பின்தெரு வரை போகும், பின்னால் இடம் இருக்கும். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. நான் பார்த்ததில் மனுவைவிடப் பேச்சு அதிகம் பலித்திருக்கிறது.

உங்கள் கேள்வியில் ஓரமாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: அந்தக் காலத்தில் அங்கே யாத்ரீகர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்று. என்னைக் கேட்டால் மொத்தக் கேள்வியிலும் வலுவான வரி அதுதான். தஞ்சை மராட்டிய ராஜாக்கள் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம் என்று வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். அவர்களைப் பார்த்து மிராசுதார்களும் செட்டியார்களும் தங்கள் அளவுக்குத் தர்மம் எழுதிவைத்தார்கள். கும்பகோணத்தில் அப்படிக் கட்டளைச் சொத்துகள், அதாவது தர்மத்துக்கென்று எழுதிவைத்த சொத்துகள், ஏராளம். பின்னால் வந்த வாரிசுகள் அதைச் சொந்த வீடாகவே ஆண்டு, சொந்தச் சொத்தாகவே விற்றுவிடுவதும் நடக்கிறது. மூலப் பத்திரத்திலோ உயிலிலோ கோயிலுக்கோ குறிப்பிட்ட தர்மத்துக்கோ எழுதிவைத்த கட்டளை என்று இருந்தால், 1959 அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி ஆணையர் அனுமதியில்லாமல் செய்த விற்பனை செல்லாது. 5 வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அதே கதி. அப்போது கேள்வியே மாறிவிடுகிறது. இடிக்கலாமா என்பதற்கு முன்னால், விற்றதே செல்லுமா என்று நிற்கும். பொதுத் தர்மமாக இருந்து கோயில் சம்பந்தமே இல்லை என்றால் வேறு வழி, அதற்கு நல்ல சிவில் வக்கீல் வேண்டும், நான் உள்ளே போகவில்லை.

ஆக இந்த வாரம் என்ன செய்யலாம்? சார்பதிவாளர் அலுவலகத்தில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு வருஷத்துக்கு வில்லங்கச் சான்று வாங்குங்கள், மூலப் பத்திர நகல் எடுங்கள். டவுன் சர்வே பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகத் தனியார் பெயர் இருக்கிறதா, சத்திரம், தர்மம், மடம் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இடிப்பு அனுமதி கொடுத்தாகிவிட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதிலுக்கு 30 நாள் ஆகும், அதற்குள் கட்டடமே இருக்காது. ஆகவே திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் நேராக மனு கொடுங்கள், நகலை ஆணையருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். மனுவில் 'பாரம்பரியம்', 'புராதனம்' என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், படிக்க மாட்டார்கள். கட்டிய வருஷத்துக்கு ஆதாரம், போட்டோ, சர்வே எண், கட்டளைச் சொத்தாக இருக்கலாம் என்ற சந்தேகம், விசாரணை முடியும்வரை இடிப்பு அனுமதியை நிறுத்திவைக்க வேண்டுகோள், இவ்வளவும் ஒரே பக்கத்தில். நிறுத்திவைக்கக் கலெக்டருக்குத் தனிச் சட்டப்பிரிவு தேவைப்படாது, சொத்துரிமையில் தகராறு என்ற ஒரு குறிப்பு கோப்பில் ஏறினாலே கீழே இருப்பவர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் வீடு ஒட்டி இருக்கிறது, நடுச்சுவர் பொதுச் சுவர் என்றால் உங்களுக்குத் தனியாகவே ஒரு உரிமை இருக்கிறது. அவர்கள் உத்தரத்தை உருவும்போது உங்கள் கூடத்துச் சுவரும் சேர்ந்து ஆடும், இதைச் சொல்லி முன்சீப் கோர்ட்டில் தடை கேட்கலாம். இயந்திரம் வைக்காமல் கையால் இடி, முட்டுக் கொடுத்து இடி என்று உத்தரவு வாங்கும் அளவுக்கு இது பலிக்கும். இடிக்கவே கூடாது என்று வாங்கும் அளவுக்குப் பலிக்குமா என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. உயர்நீதிமன்றம்வரை போவதானால் கும்பகோணம் தஞ்சை மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. இதைப் படிக்கும் மயிலாடுதுறை, திருவாரூர், நாகைக்காரர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும். காரைக்கால்காரர்களுக்கு நான் சொன்ன மாநிலச் சட்டங்கள் பொருந்தாது, அவர்கள் புதுச்சேரி விதிகளைப் பார்க்க வேண்டும்.

தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரு வேலையை உடனே செய்துவிடுங்கள், இதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். புதுச் சொந்தக்காரரிடம் நயமாகக் கேட்டு, ஒரு நாள் உள்ளே போய், பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு, வாசல் முதல் கொல்லை வரை டேப் பிடித்து அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். தூண் தலைப்பு, உத்தரம் சுவரில் உட்காரும் இடம், முற்றத்துத் தண்ணீர் போகும் வழி, சுதை, கதவில் செதுக்கிய பூ என்று நெருக்கத்தில் போட்டோ எடுங்கள். கார்ல்டன் டேவர்ன் திரும்ப எழும்பியதற்கு இது போன்ற பதிவு உதவியது என்று மேலே சொன்னேனே, நமக்கு அந்த அளவுக்கு நடக்காவிட்டாலும், நாளைக்கு விரிவுத் திட்டத்தில் உங்கள் தெருவைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கும்போது மீதி இருக்கும் வீடுகளுக்கு இதே மாதிரி ஒரு கட்டுப் பதிவு கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வில்லங்கமும் மூலப் பத்திரமும் கைக்கு வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு அதில் என்ன வாசகம் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். கட்டளை என்ற வார்த்தை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு நான் ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியும்.